பாலக்கோடும் பாலக்காடும்

போன மாம்பழ சீசனில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். நான், எங்கம்மா, மூணாவது படிக்கும் என் அண்ணன் மகன். போர்டைப் பார்த்து "அத்தை, பாலக்காடு பஸ் வந்துருச்சு" என்றான். "கேரளாவுக்கே கூட்டிட்டுப் போறான் பாரு" என்று எங்கம்மா சிரித்தார். வந்தது எங்க தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோடு பஸ். நானும் சிரித்துவிட்டேன், சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: இவன் தமிழ்ப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிப்பானே?

வீட்டுக்கு வந்து பாடத்தின் நடுவில் ஒரு வரியைத் தொட்டு வாசிக்கச் சொன்னேன். முடியவில்லை. முதல் வரியிலிருந்து ஆரம்பித்தால்தான் வருகிறது, அத்தனையும் மனப்பாடம். அண்ணனும் அண்ணியும் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. வகுப்பில் சோம்பேறி என்று பேர் வாங்கியிருக்கிறான். புத்தகத்தையே மனப்பாடம் செய்கிறவன் எப்படிங்க சோம்பேறி?

247 எழுத்து என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மிச்சம் 216ம் சேர்க்கைதான். இவனுக்குக் கா, கி, கு எல்லாம் தண்ணி பட்ட பாடு. கொம்பு வந்தால்தான் நிற்கிறான். 'கோ' என்பதில் கண்ணுக்கு முதலில் தெரிவது இரட்டைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். காதுக்கோ முதலில் 'க்', பிறகுதான் 'ஓ'. குழம்பிப்போய்க் கொம்பை விட்டுவிட்டுக் காலை மட்டும் பிடித்துக்கொள்கிறான். கோ, கா ஆகிவிடுகிறது.

தாம்பாளத்தில் ராகியைப் பரப்பி விரலால் எழுத வைத்தேன், தினமும் பத்து நிமிஷம், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. முதலில் க போட்டுவிட்டுப் பிறகு முன்னால் கொம்பு போடச் சொன்னேன். முறைப்படி தப்புதான், பரவாயில்லை, பிடிபட்டதும் மாற்றிக்கொண்டான். ஒரு நாள் எங்கம்மாவும் உட்கார்ந்து 'தலை' என்று எழுதினார், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு படித்தவர், லையில் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய எழுத்துதான். "ஆயா, தப்பு!" என்று அவன் குதித்த குதி இருக்கிறதே, ராகி பாதி தரையில்.

எல்லாப் பிள்ளைக்கும் இதே காரணம் என்று சொல்லமாட்டேன். முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். 2022ல் அரசுப் பள்ளிகளில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்ற நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள், உங்கள் பிள்ளை எதில் என்று டீச்சரிடம் கேளுங்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்தும் அதே இடத்தில் நின்றால் டிஸ்லெக்சியாவாகவும், அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்த்தி, டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட வேண்டாம்.

போன வாரம் அதே பஸ் ஸ்டாண்ட். போர்டைப் பார்த்து "ஒ... கே... ன... க்... கல்" என்று விரலை நீட்டி முடித்துவிட்டான். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நாங்கள் ஏற வேண்டிய பஸ்தான் அது.