நான்கு மடக்குக் கத்திகள்: வெளிச்சத்தில் பார்த்ததும் வெட்டிப் பார்த்ததும்

பழைய பாணி மடக்குக் கத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். இப்போது நான்கு சேர்ந்திருக்கின்றன. பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்டில் செய்யப்படும் கேஸ் நிறுவனக் கத்தி. அதே மாநிலத்து டைட்டஸ்வில்லில் 2006-ல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன். பிரான்ஸின் ஒப்பினெல் 8ஆம் எண். நான்காவது எலும்புப் பிடி போட்ட ஒன்று, துருப்பிடிக்காத எஃகு. அதைச் செய்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

முதலில் வெட்டிப் பார்க்கவில்லை. கத்தியை மடக்கி, முதுகுப் பக்கத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தேன். முதுகில் ஓடும் ஸ்பிரிங்குக்கும் இரண்டு பக்கத்துப் பித்தளைத் தகடுகளுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது. அப்புறம் விரல் நுனியால் முதுகைத் தடவ வேண்டும். மடக்கியபோதும் முழுக்கத் திறந்தபோதும் ஸ்பிரிங் தகட்டோடு சமமாக இருந்தால், செய்தவர் பொறுமையாகத் தேய்த்துப் பொருத்தியிருக்கிறார் என்று அர்த்தம். பாதித் திறப்பில் ஒருமுறை நிற்கும் வகையென்றால் அந்த இடத்திலும் தடவிப் பார்க்கலாம். என் கிரேட் ஈஸ்டர்ன் மூன்று நிலையிலும் சமம். ஒரே உலோகத் துண்டோ என்று தோன்றும் அளவுக்கு விரலில் எதுவும் தட்டவில்லை. கேஸும் குறை சொல்ல முடியாத பொருத்தம். நான்காவதில் மட்டும் முடி அளவுக்கு வெளிச்சக் கோடு தெரிந்தது, அலகை இடம் வலமாக அசைத்தால் ஆட்டமும் இருந்தது.

இழுவை அடுத்தது. அலகில் இருக்கும் நகக்குழியில் நகத்தை வைத்துத் திறக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதற்கு ஆர்வலர்கள் 1 முதல் 10 வரை எண் கொடுப்பார்கள். என் கணக்கில் கேஸ் 5, கிரேட் ஈஸ்டர்ன் 7. பூட்டு இல்லாத கத்தியை ஸ்பிரிங்தான் திறந்த நிலையில் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் பலமான இழுவை பிடிக்கும் என்பவர்களைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஈரக் கையோடு திறக்கும்போது எனக்கு 5 போதும்.

ஒப்பினெல்லுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, அதில் ஸ்பிரிங் கிடையாது. மரப்பிடியின் பிளவுக்குள் அலகு உரசலோடு நிற்கிறது. 1955-லிருந்து ஒரு வளையப் பூட்டும் உண்டு. ஈரம் பட்டால் மரம் உப்பி அலகு இறுகிவிடும். அப்போது பிடியின் அடிமுனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும், பிடித்துத் திறக்கலாம். இந்தத் தட்டு எனக்குப் பழகிவிட்டது.

வெட்டும் வேலைக்கு எல்லாவற்றையும் ஒரே கல்லில், ஏறக்குறைய ஒரே கோணத்தில் சாணை பிடித்துவிட்டு அட்டைப் பெட்டிகளை நீளமாகக் கீறினேன். ஒப்பினெல் தண்ணீரில் போவது போலப் போனது. கிரேட் ஈஸ்டர்னின் 1095 என்ற வகைக் கார்பன் எஃகு நல்ல எஃகு, கூரும் நன்றாக ஏறுகிறது. ஆனால் என் கத்தியின் அலகு தடிமன், அட்டை பிளவுபடும்போது அலகின் தடித்த தோள்பகுதி முட்டுகிறது. எஃகின் பெயரைவிடப் பதத்துக்கு, அதாவது வெட்டும் விளிம்புக்கு, பின்னால் அலகு எவ்வளவு மெல்லியது என்பதே கையில் தெரிகிறது. எஃகு வித்தியாசம் சாணைக்கல்லில்தான் தெரிந்தது. சாணை பிடிக்கும்போது விளிம்பில் எழும் உலோகப் பிசிறு கார்பன் கத்திகளில் சுலபமாக விட்டுப்போனது, நான்காவதில் விடாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. பழம் நறுக்கிய பிறகு என் கார்பன் அலகுகள் நீலச் சாம்பலாக நிறம் மாறியிருக்கின்றன, எனக்கு அது பிடித்திருக்கிறது. துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சிவப்புத் துரு வருவதில்லை.

நான்காவது கத்தியை அப்படியே விட மனம் வரவில்லை. மூட்டில் எண்ணெய் விட்டுத் திறந்து மடக்கினேன், கருப்பாகக் குழம்பு வந்தது: மெருகு போட்ட பொடியைச் சுத்தம் செய்யாமலே அனுப்பியிருக்கிறார்கள். அது போனதும் நகர்வு மென்மையாகிவிட்டது. மூட்டு ஆணியின் தலையைச் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன், ஆட்டம் பெரும்பாலும் போய்விட்டது. இங்கே நிதானம் வேண்டும், அதிகம் தட்டினால் அலகு நகராது.

ஆனால் பதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சின்ன மினுக்கம், அதாவது மழுங்கிய அடையாளம், தெரிந்தது. சந்தேகப்பட்டு மெல்லிய தாள் துண்டை உள்ளே வைத்து, அலகு தானாக விழும்படி மடக்கினேன். தாளில் வெட்டு விழுந்திருந்தது. மடங்கும்போது பதம் உள்ளே ஸ்பிரிங்கில் மோதுகிறது. அதைத் தடுக்க அலகின் வேரில் ஒரு சிறு மேடு இருக்கும். இதில் அது உயரம் போதவில்லை. அந்த மேட்டை அரத்தால் தொடவே கூடாது, தேய்த்தால் அலகு இன்னும் கீழே இறங்கும். ஸ்பிரிங்கின் உள்பக்கம், மேடு வந்து உட்காரும் இடத்தில் மெல்லிய தோல் துண்டு ஒன்றை ஒட்டினேன். அலகு கொஞ்சம் உயர்ந்து நிற்கிறது, ஆனாலும் முனை வெளியே நீட்டவில்லை. தாள் இப்போது முழுசாக வெளியே வருகிறது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் கார்பன் கத்தியில் இதைச் செய்ய மாட்டேன்.