கடைசியில் ஒரு 110 வோல்ட் கிரைண்டர் விற்றது

நேற்றுக் காலை கணக்கைத் திறந்தால் அமேசான் அமெரிக்க அக்கவுண்டில் ஒரு டேபிள்டாப் கிரைண்டர். என் தளத்தில் நான் எழுதும் கிரைண்டர் விமர்சனத்திலுள்ள லிங்க் வழியாகப் போய் யாராவது எதையாவது வாங்கினால் அமேசான் எனக்குக் கமிஷன் தரும். எட்டு மாதமாக அரைத்து அரைத்து எழுதிய விமர்சனங்களுக்கு அந்தப் பக்கம் விழுந்த முதல் போணி. இந்திய அக்கவுண்டில் ஏற்கெனவே போணி ஆகிவிட்டது, ஆனால் கிரைண்டரால் இல்லை. யாரோ புண்ணியவான் என் லிங்கில் போய்க் கொசுவலை வாங்கியிருந்தார்.

தளத்துக்கு வருகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அமெரிக்கா, கனடாக்காரர்கள். அவர்களை எல்லாம் நான் இந்தியக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். நம் 230 வோல்ட் கிரைண்டரை அங்கே வைத்து என்ன செய்வது? டிரான்ஸ்பார்மர் போட்டால் வோல்ட் ஏறும், ஹெர்ட்ஸ் ஏறாது இறங்காது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த இண்டக்‌ஷன் மோட்டார் அங்கே 60-இல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும், மாவு சூடாகும். அதற்கென்றே கோயம்புத்தூர்க்காரர்கள் 110 வோல்ட் மாடல் செய்கிறார்கள், அமெரிக்கக் கடையில் கிடைக்கவும் செய்கிறது. என் பட்டன்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

சரி, ஆள் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்று பார்த்துத் தானாகவே திருப்பிவிடலாம் என்று இறங்கினேன். தளத்துக்கு முன்னால் கிளவுட்ஃபிளேர் என்ற சேவையை வைத்திருப்பதால் நாட்டின் இரண்டெழுத்துக் குறி சும்மாவே வந்துவிடும். அதைப் படித்து லிங்கை மாற்றும் நாலு வரி எழுதினேன். ஒரு வாரம் ஒன்றும் புரியவில்லை. சேலத்திலிருந்து வந்தவருக்கு அமெரிக்க லிங்க், டெக்சாஸ்காரருக்கு இந்திய லிங்க். பக்கங்களைச் சேமித்து வைத்து வேகமாகக் காட்டும் கேஷ் பிளகின் செய்த வேலை அது: முதலில் வந்தவருக்குக் காட்டிய பக்கத்தையே வரிசையாக எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தது.

அப்புறம் கேஷில் மாட்டாத தனி முகவரி வைத்து அங்கிருந்து திருப்பினேன். அதிலும் அவசரத்தில் 302-க்குப் பதில் 301 போட்டுத் தொலைத்தேன். 302 என்றால் தற்காலிகமாகத் திருப்புவது; 301 என்றால் நிரந்தரம் என்று பிரவுசர் மனதில் வைத்துக்கொள்ளும். என் சொந்த மொபைலே பழைய இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. போதாததற்கு, வாசகர் எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்பதை மறைக்கும்படி லிங்க் இருக்கக் கூடாது என்று அமேசான் நிபந்தனை. இப்படிச் சுற்றிவிடுவது அதில் மாட்டுமோ என்று ராத்திரித் தூக்கம் வேறு போயிற்று.

எல்லாம் ஒருவழியாகச் சரியாகி ஓட ஆரம்பித்த மூன்றாம் நாள் நியூ ஜெர்சியிலிருந்து ஒரு மெயில்: "சார், நான் வாங்குறது திண்டுக்கல்ல இருக்கிற அம்மாவுக்கு. உங்க பட்டன் எத்தனை தடவை அமுக்கினாலும் அமெரிக்கக் கடைக்கே தள்ளுது."

அடச்சே என்றாகிவிட்டது. படிக்கிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று இத்தனை நாள் மெனக்கெட்டுக் கண்டுபிடித்தேன். கேட்க வேண்டிய கேள்வி, கிரைண்டர் எந்த ஊரில் ஓடப்போகிறது என்பது. அதை அவரிடமே கேட்டுவிடலாமே! எழுதிய நிரலை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு பட்டன் வைத்தேன்: 'இந்தியாவில் ஓடப்போகிறது', 'அமெரிக்கா, கனடாவில் ஓடப்போகிறது'. இரண்டிலும் நேரடி லிங்க். விற்பனை என் கணக்கில் சேர லிங்கில் ஒட்டும் அடையாளமான டேக், இந்தியாவுக்கு -21 என்று முடியும், அமெரிக்காவுக்கு -20. (கனடாவுக்குத் தனி அக்கவுண்ட் இன்னும் எடுக்கவில்லை, இப்போதைக்கு அவர்களும் அமெரிக்கக் கடைக்குத்தான்.) பதினொரு நாளில் இந்த விற்பனை.

இந்தியப் பட்டனுக்குள் எந்தக் கடை என்பது வேறு தலைவலி. லிங்கை அமுக்கியவர் என் வழியாக வந்தார் என்று நினைவில் வைக்கும் அமேசான் குக்கி 24 மணி நேரம்தான். கிரைண்டர் என்ன சோப்பா, பார்த்த அன்றே வாங்க? அம்மாவிடம் கேட்டு, அத்தையிடம் கேட்டு, இரண்டு லிட்டரா ஒன்றரையா என்று பேசி முடிக்கவே ஒரு வாரம் ஆகும். ஒரு கம்பெனி தன் சொந்தக் கடைக்கு அனுப்பினால் மூன்று மடங்கு கமிஷன், முப்பது நாள் குக்கி என்றது. ஆசைப்பட்டு மாற்றினேன். ஆனால் பணம் கட்டும் இடத்தில் அவர்களே ஒரு கூப்பன் பெட்டி வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர் எங்கேயோ வாட்ஸப்பில் வந்த கூப்பனைப் போட்டால் என் பங்கு கூப்பன்காரருக்குப் போய்விடுகிறது. இரண்டு மாதத்தில் என் கணக்கில் ஒன்றுகூட ஏறவில்லை. அதுகூடப் போகட்டும், வந்த டிரம் மூடி உடைந்திருந்தது என்று மூன்று பேர் என்னிடம் புலம்பினார்கள். லிங்க் கொடுத்தவன் நான், திட்டும் எனக்குத்தான். அந்த லிங்கை எடுத்துவிட்டேன்.

அடுத்து சிங்கப்பூர். அங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் மாடலே ஓடும். மூன்று சதுரமுள் பிளக் மட்டும் மாற்ற வேண்டும். அதற்கு மூன்றாவது பட்டன் வைப்பதா, இந்தியப் பட்டனுக்குக் கீழே ஒரு வரி எழுதுவதா என்று முடிவாகவில்லை. நடுவில் தேங்காய்த் துருவி இணைப்பு ஒன்று வாங்கி மேசை மேல் பிரிக்காமல் கிடக்கிறது. அதையும் எழுத வேண்டும்.

ஆனால் அவசரம் வேறு. தொடங்கிய 180 நாளுக்குள் மூன்று விற்பனை ஆகாவிட்டால் அமெரிக்க அக்கவுண்டை மூடிவிடுவார்கள். இன்று 131-ஆவது நாள். ஒன்று ஆயிற்று, அதுவும் வாங்கியவர் திருப்பி அனுப்பாமல் இருந்தால்.