பஸ்கள் கிளம்பிய பிறகு ஓ செப்ரெய்ரோ

ஸ்பெயினின் கமீனோ யாத்திரை வழியில் நடக்கப் போவதாக யார் சொன்னாலும் நான் அடம்பிடித்துச் சொல்வது ஒன்றுதான்: ஓ செப்ரெய்ரோவில் ராத்திரி தங்குங்கள். பலர் மூச்சிரைக்க மேலே ஏறி வந்து, ஒரு காபி குடித்து, நாலு படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடையைக் கட்டிவிடுகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. மத்தியானத்தில் பார்த்தால் அது வெறும் சுற்றுலா ஊர். பஸ்கள் வரிசையாக நிற்கும், கடை வாசல்களில் யாத்திரைச் சிப்பிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பஸ்கள் கிளம்பிய பிறகுதான் ஊர் தன் சொந்தத் தொழிலைப் பார்க்கத் தொடங்கும். நடந்து வருகிறவனுக்கு ராத்திரி இடம் கொடுப்பதுதான் அந்தத் தொழில். பல நூற்றாண்டுகளாக அதுவேதான்.

இடம் ஸ்பெயினின் வடமேற்கு மூலை. பிரான்ஸ் எல்லையிலிருந்து, இயேசுவின் சீடர் சந்தியாகப்பரின் கல்லறை இருக்கிற சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா வரை போகும் பாதையை 'பிரெஞ்சு வழி' என்பார்கள். அந்த வழியில் கலீசியா மாநிலத்தின் முதல் ஊர் ஓ செப்ரெய்ரோ. சுமார் 1,300 மீட்டர் உயரம். அங்கிருந்து சாந்தியாகோவுக்கு இன்னும் 150 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும்.

என்னை இழுத்துப் போனது என் அக்கா மகள். நெதர்லாந்தில் வேலை பார்க்கிறாள். "பழனிக்கு நடந்தீங்கல்ல சித்தி, அப்ப இதையும் நடந்துரலாம் வாங்க" என்றாள். பழனிக்கு நடந்தது முப்பது வயதில், இது பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்கிற வித்தியாசம் அவளுக்கு உறைக்கவே இல்லை.

ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. லாஸ் எர்ரேரியாஸ் என்ற ஆற்றோர ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர், ஏறக்குறைய அறுநூறு மீட்டர் உயரம் ஏற வேண்டும். முடியாதவர்களுக்கு அங்கேயே குதிரை வாடகைக்குக் கிடைக்கும். நான் குதிரையைப் பார்த்தேன், அக்கா மகள் என்னைப் பார்த்தாள், நடந்தே ஏறினோம். லா ஃபாபா வரை செஸ்ட்நட் மரங்களின் நிழல், சேறு, மாட்டுச் சாணி. அதற்கு மேலே மரங்கள் குறைந்து வெட்டவெளி. கலீசியா எல்லைக்கல் வந்தபோது எல்லாரும் நின்று படம் எடுத்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் தங்கியது மாநில அரசின் யாத்ரீகர் விடுதி. முன்பதிவு கிடையாது, முதலில் வருகிறவருக்கு முதல் படுக்கை. கதவு மத்தியானம் ஒரு மணிக்குத் திறக்கும், அதற்கு முன்பே வாசலில் முதுகுப்பைகள் வரிசை போட்டிருந்தன. யாத்திரை அட்டையில் ஒரு முத்திரை, பத்து யூரோ, மெத்தைக்கும் தலையணைக்கும் காகிதம் மாதிரி மெல்லிசான உறை. நூறு பேருக்கு மேல் படுக்கலாம், எல்லாம் இரண்டடுக்குக் கட்டில். "கீழ்க்கட்டில் உங்களுக்கு சித்தி, நான் மேலே ஏறிக்கறேன்" என்று அவள் சொன்னதற்காக, குதிரை விஷயத்தை மன்னித்தேன்.

கலீசியாவின் அரசு விடுதிகளில் ஒரு விசித்திரம் உண்டு. சமையலறை பளபளவென்று இருக்கும், அடுப்பு இருக்கும், ஆனால் சட்டிபானை ஒன்றும் இருக்காது. இது தெரிந்துதான் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணமும் ரசப்பொடியும் கொண்டுபோயிருந்தேன். ரசம் கொதித்து முடிவதற்குள் கிண்ணத்துக்கு ஆள் காத்திருந்தது. ஓர் இத்தாலியப் பெண் அதில் பாஸ்தாவை நாலு தவணையாக வேகவைத்தாள், ஒரு கொரியப் பெரியவர் முட்டை அவித்தார். கிண்ணம் இரவு எட்டு மணிக்குத்தான் என்னிடம் திரும்பி வந்தது, அதுவும் நான் தேய்ப்பதைவிடப் பளிச்சென்று.

சரி, ஊருக்கு வருவோம். கல் பாவிய ரெண்டு மூன்று தெருக்கள், அவ்வளவுதான். பல்யோஸா என்று சொல்லும் பழைய வீடுகள் சில அங்கே இன்னும் நிற்கின்றன. ரோமானியர் வருவதற்கு முந்தைய காலத்துக் கட்டுமுறை என்கிறார்கள். மூலையே இல்லாத முட்டை வடிவக் கல்சுவர், மேலே கோதுமைக்கு உறவான ரை தானியத்தின் வைக்கோல் வேய்ந்த கூரை. ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், உள்ளே போய்ப் பார்க்கலாம். வாசல் அவ்வளவு தாழ்வு, என் உயரத்துக்கே தலை குனிய வேண்டியிருந்தது. உள்ளே ஒரு பக்கம் மனிதர்கள், ஒரு பக்கம் மாடுகள், நடுவில் தடுப்பு. பனிக்காலத்தில் மாட்டின் உடம்புச் சூடுதான் வீட்டுக்குக் கதகதப்பு. புகைபோக்கி கிடையாது. தரையில் மூட்டிய அடுப்பின் புகை மெல்ல மேலே ஏறி வைக்கோல் வழியாகவே வெளியேறும். போகிற வழியில் கட்டித் தொங்கவிட்ட இறைச்சியைப் பதப்படுத்தும், கூரையில் பூச்சியும் அண்ட விடாது. இருபதாம் நூற்றாண்டிலும் இவற்றில் குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. விட்டத்தில் விரலை வைத்துப் பார்த்தேன், கரி ஒட்டவில்லை. மரமே கரியாகிப் போயிருந்தது.

ஊரின் கோயில் சாந்தா மரியா லா ரெயால். ஒன்பதாம் நூற்றாண்டில் வேர் கொண்டது, இந்த வழியில் உள்ள மிகப் பழைய கோயில்களில் ஒன்று. தாழ்ந்த கூரை, தடித்த சுவர், ஆடம்பரம் எதுவும் இல்லை. 1300 வாக்கில் நடந்ததாக ஒரு கதை சொல்கிறார்கள். கடும் பனிப்புயலில் பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் பூசை காண மலையேறி வந்திருக்கிறார். பூசை வைத்த துறவிக்கோ நம்பிக்கை குறைவு. ஒரு துண்டு அப்பத்துக்காகவா இந்தப் பாடு என்று மனசுக்குள் ஏளனம் செய்திருக்கிறார். அந்த நொடியில் அப்பம் சதையாகவும் திராட்சை ரசம் ரத்தமாகவும் மாறிவிட்டதாம். அதைப் பார்க்க மாதா சிலை தலையைச் சாய்த்ததாம். அந்தக் கிண்ணமும் தட்டும் இன்றும் கோயிலில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. 1486-இல் அரசி இசபெல் வந்து பார்த்து, பேழை செய்து கொடுத்திருக்கிறார். அற்புதத்தை நம்புவதும் விடுவதும் அவரவர் பாடு. நடந்து வந்தவனை ஏளனம் செய்தவருக்குக் கிடைத்த பாடமாக அந்தக் கதையை இந்த ஊர் வைத்திருப்பது எனக்குப் பிடித்தது.

பெனெடிக்ட் சபைத் துறவிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இங்கே யாத்ரீகர்களுக்கு இடமும் உணவும் கொடுத்து வந்தார்கள். அவர்கள் இருந்த கட்டடத்திலேயே இப்போதும் ஒரு தங்கும் விடுதி நடக்கிறது. நடுவில் நடப்பவர்களே கிட்டத்தட்ட இல்லாமல் போன காலமும் உண்டு. 1985-இல் சாந்தியாகோவில் பதிவான யாத்ரீகர்கள் மொத்தமே 690 பேர். 2024-இல் ஐந்து லட்சத்தை நெருங்கிவிட்டார்கள்.

இந்த மாற்றத்தில் பெரிய பங்கு இந்த ஊர்ப் பாதிரியாருக்கு. எலியாஸ் வலீன்யா என்று பெயர். 1959-இல் பங்குத்தந்தையாக வந்தவர், யாத்திரை வழியைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்தார். ஆய்வோடு நிறுத்தாமல் 1984-இல் தன் சீத்ரோயன் காரில் சாலைக்குப் பூசி மிஞ்சிய மஞ்சள் பெயிண்டை ஏற்றிக்கொண்டு கிளம்பி, மரத்திலும் பாறையிலும் சுவரிலும் அம்புக்குறி போட்டுக்கொண்டே போயிருக்கிறார். பிரான்ஸ் எல்லையோரப் பிரீனீஸ் மலையில் போலீஸ் நிறுத்தி என்ன செய்கிறீர் என்று கேட்டதற்கு, பிரான்ஸிலிருந்து ஒரு பெரிய படையெடுப்புக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று பதில் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. கோயில் வளாகத்தில் அவருக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. 1989-இல் காலமானார், இந்தக் கூட்டத்தைப் பார்க்கவில்லை. இன்று உலகத்தில் பல யாத்திரை வழிகளில் அந்த மஞ்சள் அம்புக்குறியைக் காப்பியடிக்கிறார்கள்.

ராத்திரிச் சாப்பாடு எனக்கு எப்போதும் போல் ஒரு பேச்சுவார்த்தை. கலீசியா சூப் பார்க்கக் கீரையும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் போட்ட அப்பாவிக் குழம்பாக இருக்கும், ஆனால் அதில் பன்றிக் கொழுப்பு போடுவார்கள். கடைக்கார அம்மாவிடம் இறைச்சி வேண்டாம் என்றதும், இதில் இறைச்சியே இல்லையே என்றார். கொழுப்பு அவர் கணக்கில் இறைச்சி இல்லை. கடைசியில் முட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட தோர்த்தியாவும், இந்த ஊர்ப் பாலாடைக்கட்டியும் வந்தன. செப்ரெய்ரோ பாலாடைக்கட்டி, அச்சை மீறிப் பொங்கிய இட்லி மாதிரி மேலே விரிந்து நிற்கும். லேசான புளிப்பு. மேலே தேன் ஊற்றித் தருகிறார்கள். ஒரு தட்டு சொல்லி, அப்புறம் இன்னொன்றும் சொன்னோம். அதற்குள் பஸ் கூட்டம் போய்விட்டதால் கடைக்காரர்களும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், யாருக்குக் கொப்புளம், யாருக்கு முட்டி வலி என்று மேசைக்கு மேசை விசாரிப்பு நடந்தது.

நாங்கள் போனது ஜூன். அந்தப் பக்கம் சூரியன் மறையவே இரவு பத்து தாண்டிவிடும், விடுதியிலோ பத்து மணிக்கு விளக்கணைப்பு. வெளிச்சம் இருக்கையிலேயே நூறு பேர் படுத்துக்கொண்டு தூங்குவதாகப் பாவனை செய்தோம். அப்புறம் குறட்டைக் கச்சேரி ஆரம்பித்தது. காதடைப்பான் வாங்கி வையுங்கள், ரெண்டு ஜோடியாக.

காலை எட்டுக்குள் வெளியேற வேண்டும். மேடைச் சுவரோரம் நின்று பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்க மேகம். இனி இறக்கம்தானே என்று துள்ளிக் கிளம்ப வேண்டாம். சான் ரோக்கே மேட்டில் காற்றுக்கு எதிராகத் தொப்பியைப் பிடித்து நிற்கும் வெண்கல யாத்ரீகரைத் தாண்டி, போயோ மேடு வரை ஏற்ற இறக்கம் மாறி மாறி வரும். அந்தப் போயோ ஓ செப்ரெய்ரோவைவிடவும் கொஞ்சம் உயரம். அதற்கு அப்புறம்தான் திரியகாஸ்தெலாவுக்கு நிஜமான இறக்கம், அது முட்டியைப் பதம் பார்க்கும். அதையும் தாண்டி சாரியா வந்தால் கூட்டம் மொய்க்கும். யாத்திரை முடித்ததற்கான சான்றிதழுக்குக் கடைசி நூறு கிலோமீட்டர் நடந்தால் போதும் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறவர்கள்தான் அதிகம்.

செப்டம்பர் 8, 9 தேதிகளில் ஓ செப்ரெய்ரோவில் அந்த அற்புதத்தின் திருவிழா. அந்த நாட்களில் படுக்கை கிடைக்கும் என்று நம்பி ஏறாதீர்கள். அக்கா மகள் அடுத்த முறை அதற்கே போகலாம் என்கிறாள். குதிரைக்குச் சம்மதித்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.