பங்குனி ஆமைக் கூட்டில் கை வைக்கும் முன்

சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) ஜனவரியில் முட்டையிட ஏறத் தொடங்கும். பிப்ரவரி, மார்ச்தான் உச்சம். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-லிருந்து நீலாங்கரை, பெசன்ட் நகர் பக்கம் கூடுகளைத் தேடி இரவு நடை போகிறது. புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்று முதலிலேயே: கடலாமை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1-ல் உள்ள உயிரினம். வனத்துறை அனுமதி பெற்ற குழுவோடு இல்லாமல் முட்டையைத் தொடக்கூடாது.

தடத்தில் இடது, வலது துடுப்புக் குறிகள் மாறி மாறி விழுந்திருந்தால் பங்குனி ஆமை. ஜோடியாக நேருக்கு நேர் விழுந்திருந்தால் பேராமை (பச்சை ஆமை). துடுப்பு மணலைப் பின்னால் தள்ளுவதால் எது ஏறிய தடம், எது இறங்கிய தடம் என்று சொல்லிவிடலாம். இரண்டுக்கும் நடுவே மணல் கலைந்த இடம் இல்லையென்றால் ஆமை முட்டையிடாமல் திரும்பியிருக்கிறது. அங்கே தோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கலைந்த மணலில் குச்சியை மெதுவாக இறக்கிப் பார்ப்பார்கள். சுற்றிலும் இறுகியிருக்கும் மணல், முட்டைக்குழியின் மேல் மட்டும் சட்டென்று இளகும். அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். இன்னும் அழுத்தினால் முட்டை உடையும், உடைந்த வாடைக்கு நாய் வரும். அதற்குப் பிறகு கை மட்டும்தான். குழி குடுவை வடிவம், ஆழம் சுமார் ஒன்றரை அடி, உள்ளே நூறை ஒட்டி முட்டைகள்.

முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு, அதாவது காவலுள்ள பாதுகாப்பான மணல் பகுதிக்கு, எடுப்பதா விடுவதா என்பதை நேரம்தான் முடிவு செய்கிறது. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டை உருண்டால் கரு சாகும். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க முடிந்தால் எடுக்கலாம். தடம் பழசாகத் தெரிந்தால் தொடாமல் விட்டு, நாய் தோண்டாதபடி மேலே வலை பதிப்பதே நல்லது. நல்ல எண்ணத்தோடு தாமதமாக எடுத்த கூடுகள் பொரிக்காமல் போவதுதான் இந்த வேலையில் மனதை அதிகம் உறுத்துவது. எடுத்து முடித்ததும் தடத்தைக் காலால் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த குழு அதையே இன்னொரு கூடாகக் கணக்கிடும்.

பொரிப்பகத்தில் அதே ஆழம், அதே வடிவம், கூட்டுக்குக் கூடு ஒரு மீட்டர் இடைவெளி. சுமார் 29–30 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும். 35-ஐத் தொட்டால் குஞ்சுகளே சாகும். அதனால் மார்ச் கடைசியில் இட்ட கூடுகளுக்கு நிழல்வலை கட்டாயம்.

நாற்பத்தைந்து நாளை ஒட்டி மேல்மணல் லேசாகக் குழியும். அன்றிலிருந்து அடியில்லாத கூடையைக் கவிழ்த்து இரவு முழுக்கப் பார்க்க வேண்டும். கூடைக்குள் விடியும்வரை சுற்றிய குஞ்சு நீந்தத் தெம்பில்லாமல் போகும். விடிந்தபின் விட்டால் காக்கை கொத்தும். வெளிவந்ததுமே, சாலை விளக்கு தெரியாத இடமாகப் பார்த்து, ஈரமணலில் விடுங்கள், அவையே நடந்து போகட்டும். வெளிச்சம் தெரிந்தால் ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

இரண்டு மூன்று நாள் கழித்துக் கூட்டைத் தோண்டி ஓடுகளை எண்ணுவதை யாரும் விரும்புவதில்லை. நாற்றம் அப்படி. ஆனால் பொரிக்காத முட்டைகளைப் பிரித்துப் பார்த்தால்தான் காரணம் புரியும். கரு ஆரம்பத்திலேயே நின்றவை அதிகமென்றால் எடுத்த நேரத்தையும் தூக்கிவந்த விதத்தையும் சோதியுங்கள். முழுசாக வளர்ந்து செத்தவை அதிகமென்றால் அந்தக் கூட்டின் வெப்பக் குறிப்பை எடுத்துப் பாருங்கள்.