ஈர விறகு

பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகளுக்கு ஸ்கிரிப்ட் எழுதும் வேலையில் ஆறு வருடம் இருந்தேன். பாடுகிறவர் மேடைக்கு வருவதற்கு முன்னால் அவர் வீட்டையும் ஊரையும் காட்டி இரண்டு நிமிடம் ஒரு படம் ஓடுமே, அதை நாங்கள் 'ஏ.வி.' என்போம். வீட்டாரிடம் கேட்கும் கேள்விகள், பின்னணிக் குரல் பேசும் வரிகள் எல்லாம் என் பொறுப்பு.

போகிற இடம் ஓட்டு வீடாக இருந்தால் எங்களுக்கு ஒரு நிம்மதி வந்துவிடும். சொல்லவே கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தோம். வியாழக்கிழமை ரேட்டிங் வரும். யாராவது அழுத இடத்தில் கோடு மேலே ஏறியிருக்கும். அப்புறம் அடுத்த வாரத்துக்கு எங்களிடம் என்ன கேட்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

கொள்ளிடக் கரையோரம் ஒரு கிராமம். பாடுகிற பெண்ணுக்குப் பதினாறு வயது. அப்பா இல்லை. அம்மா வயல் வேலைக்குப் போகிறவர். நான் கேட்காத கேள்வி இல்லை. "அவரு இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்மா?", "பட்டினி கிடந்த நாள் உண்டா?" எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாரே தவிர, கண் கலங்கவில்லை. "அழுவறதுக்கு என்ன தம்பி இருக்கு? எம்புள்ள பாடப் போவுது" என்றார். உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். மகள் பாட்டு வரிகளை எழுதி வைத்திருக்கும் நோட்டு. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எண்ணெய்க் கறையையும் கிழிசலையும் வைத்து, எது எந்தப் பாட்டின் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். முந்தின இரவு மழை பெய்திருந்தது. எங்களுக்கு டீ போடும்போது ஈர விறகு புகைய, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

எடிட்டிங்கில் அந்த மூன்று விநாடியை ஸ்லோமோஷன் ஆக்கி, புல்லாங்குழலைப் போட்டோம். மேலே என் வரிகள்: 'வறுமையின் பிடியில்', 'கண்ணீரில் நனைந்த கனவு'. இவை புதிதாக எழுதியவை அல்ல. பெயரையும் ஊரையும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும் என்று ஒரு ஃபைலில் சேர்த்து வைத்திருந்தவை. உருக்கமான மொழியின் கொடுமையே அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். பார்க்கிறவரை உலுக்கிவிடும், ஆனால் எதிரே நிற்கிற ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நோட்டு வந்த காட்சி, 'லேக் அடிக்குது' என்று வெட்டப்பட்டது. நான் மறுத்துப் பேசவில்லை.

அந்த வேலையை விட்ட பிறகு தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியலை நிதானமாகப் படித்தேன். உள்ளே எழும் உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. அது எட்டு, அதில் அழுகையும் ஒன்று. இளிவு (இகழப்படுவது), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்வது), வறுமை என்று அது பிறக்கும் இடம் நான்கு. இழவும் வறுமையும் அந்த வீட்டில் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே எட்டில் பெருமிதமும் இருக்கிறது. கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை என்று அதற்கும் நான்கு இடம். நோட்டை விரித்துப் பிடித்தபோது அந்த அம்மாவின் முகத்தில் இருந்தது இதுதான். மகள் கற்ற கல்வியில் பிறந்தது. எட்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதி ஏழையும் நாங்கள் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஒளிபரப்பான மறுநாள் காலையில் அந்த அம்மா போன் செய்தார்.

"நல்லா இருந்துச்சு தம்பி. ஊருல எல்லாரும் வந்து ஆறுதல் சொல்லிட்டுப் போறாங்க. நான் எப்ப தம்பி அழுதேன்? வெறகு ஈரம்னு அன்னிக்கே சொன்னேனே."

என்ன சொல்வது என்று தெரியாமல், "பாப்பா பாட்டைப் பத்தி என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த நோட்டைக் காட்டலையே தம்பி" என்றார்.