‘ம்’ கொட்டிப் படித்த கதைகள்

ஜூலை, இரண்டாவது ஞாயிறு

அக்கா மகன் கல்லூரிக்காக எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறான். ஊர் ஏற்காடு, படிப்பு சேலம். ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து டிக், டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தான். சுடுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. திரையில் ஒரு பெண் நிற்கிறாள், கீழே நாலு வரி எழுத்து. அவ்வளவுதான்.

“என்னடா கேம் இது? ஒண்ணுமே நடக்கலையே.”

“கேம் இல்லங்க மாமா. கதை. படிக்கணும்.”

விஷுவல் நாவல் என்றான். பின்னணிக்கு ஒரு படம், அதன்மேல் ஆட்களின் படம், இசை, சில சமயம் குரல். ஒரு தட்டுக்கு ஒரு வரி. பல கதைகளில் நடுவே ‘இப்படிச் செய்வாயா, அப்படிச் செய்வாயா’ என்று கேட்கும். நாம் எடுக்கும் முடிவுக்கு ஏற்பக் கதை பிரிந்து போகும். ஜப்பானில் இது தனி வகையாகவே வளர்ந்திருக்கிறது. 1992இல் சுன்சாஃப்ட் என்ற நிறுவனம் சூப்பர் ஃபேமிகாம் என்ற கேம் பெட்டிக்கு ‘ஒதோகிரிசோ’ என்று ஒரு பயங்கரக் கதையைக் கொண்டுவந்து, அதற்கு ‘சவுண்ட் நாவல்’ என்று பேர் வைத்ததாம். காதால் பாதி, கண்ணால் பாதி படிக்கிற நாவல்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். வயது நாற்பத்தாறு. வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காக வியாழக்கிழமை எப்போது வரும் என்று காத்துக் கிடந்த ஆள். படம் போட்ட கதை எனக்கென்ன புதுசா என்ற மிதப்பில், “ஒண்ணு போட்டுக் கொடு, பார்ப்போம்” என்றேன்.

ஜூலை, அதே வாரம்

முதல் கதை ‘நார்சிசு’. 2005இல் ஸ்டேஜ் நானா என்ற சின்னக் குழு இலவசமாக வெளியிட்டது. சாகப்போகிற நோயாளிகளை வைக்கும் ஆஸ்பத்திரியின் ஏழாவது மாடி. அங்கே வந்து சேரும் ஒரு இளைஞனும், முன்பே அங்கிருக்கும் செட்சுமி என்ற பெண்ணும் ஒரு காரை எடுத்துக்கொண்டு, நார்சிசஸ் பூ பூக்கும் அவாஜி தீவைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். கதை இவ்வளவுதான், தேர்வு என்று எதுவுமே கேட்காது. படம்கூடத் திரை முழுக்க இல்லை. கறுப்புக்கு நடுவில் ஒரு பட்டையாக வருகிறது. ஆட்களின் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். குரலோடு படிக்கிறாயா, குரல் இல்லாமலா என்று மட்டும் தொடக்கத்தில் கேட்டது. குரல் வேண்டாம் என்றேன், நேரம் மிச்சம் என்று.

ரெண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் பெருமையாக எழுந்தேன். மூணு, நாலு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தான்.

“எப்படிங்க மாமா இருந்துச்சு?”

“ம், பரவால்ல. பாவம் அந்தப் பொண்ணு.”

“அவ ஏன் வரைபடத்தையே பாத்துட்டு இருந்தான்னு புரிஞ்சுதா?”

எனக்குச் சத்தியமாக ஞாபகமில்லை. வரியின் முதல் ரெண்டு வார்த்தையைப் பார்த்ததும் தட்டிக்கொண்டே போயிருக்கிறேன். மாதக் கடைசியில் பில் கட்டை எண்ணுகிற வேகம். இங்கிலீஷில் வேறு இருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் வரும், ஆனால் நின்று நின்றுதான் வரும். நிற்காமல் போனதால் எதுவும் உள்ளே இறங்கவில்லை.

ஆடிப் பதினெட்டு

இன்று விடுமுறை. இரண்டாவது கதை: ‘ஹிகுராஷி’. ரியூகிஷி07 என்பவரும் அவர் குழுவும் 2002 முதல் 2006 வரை எட்டுப் பாகமாக வெளியிட்டது. முதல் நாலு பாகம் கேள்வி, அடுத்த நாலில் விடை. நான் எடுத்தது முதல் பாகம் மட்டும். காலம் 1983 ஜூன், இடம் ஹினாமிசாவா என்ற மலைக் கிராமம். (ஷிரகாவா-கோ என்ற நிஜ ஊரைப் பார்த்து வைத்ததாம். பின்னணிகள் அங்கே எடுத்த போட்டோக்களை மங்கலாக்கிப் போட்டவை.) இதிலே எழுத்து கீழே ஒரு பெட்டிக்குள் அடங்காது, திரை முழுக்கப் புத்தகப் பக்கம் மாதிரி நிரம்பும்.

பழைய படம், புதுப் படம் என்று ரெண்டு விதம் உண்டு, ஒரு பொத்தானில் மாற்றிக்கொள்ளலாம். பழையதில் கைகளெல்லாம் கேழ்வரகுக் களி உருண்டை மாதிரி இருக்கின்றன. புதியதைப் பார்த்தபின் திரும்பப் பழையதற்கே வந்துவிட்டேன். அந்த உருண்டைக் கைக்காரப் பெண் திடீரென்று கண்ணை மாற்றி ஒரு பார்வை பார்க்கிறாள் பாருங்கள், அழகாக வரைந்த படத்தில் அந்தத் திடுக் வரவில்லை.

ஆனால் முதல் ஐந்து மணி நேரம் சோதனை. பள்ளிக்கூடம், சாப்பாட்டு டப்பா, சீட்டாட்டம், தோற்றவனுக்குத் தண்டனை, திரும்பச் சீட்டாட்டம். “தேர்வு எங்கடா வருது?” என்று கேட்டதற்கு, “இதுலயும் வராதுங்க மாமா” என்றான். கடுப்பாகி மூடிவிட்டேன். பின்னே எதற்கு இதைப் பிரிகிற கதை என்று அளந்தான்?

ஆகஸ்ட், இரண்டாவது சனி

ஏற்காட்டுக்கு அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்தேன். சாயங்காலமே மூடுபனி இறங்கிவிட்டது, எதிரே இருந்த சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. காப்பித் தோட்டத்திலிருந்து சில்வண்டுச் சத்தம். கதைக்குள்ளும் அதே சத்தம் — ஹிகுராஷி என்பதே ஒரு வகைச் சில்வண்டின் பேர். கொஞ்ச நேரத்தில் எது ஸ்பீக்கர், எது ஜன்னல் என்று தெரியாமல் போய்விட்டது.

அப்போதுதான் அணை வந்தது. அந்தக் கிராமத்தை மூழ்கடித்து அணை கட்டத் திட்டம் போடுகிறார்கள், ஊர் எதிர்த்து நிற்கிறது, திட்டம் நின்றுபோகிறது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் திருவிழா ராத்திரி ஒருவர் சாகிறார், ஒருவர் காணாமல் போகிறார். இந்த இடத்தில் தட்டுவதை நிறுத்திவிட்டேன்.

என் அம்மாயி மேட்டூர் அணைக்காகக் கிளம்பிப்போன குடும்பம். அணை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது, அப்போது அவள் சின்னப் பிள்ளை. “எங்க ஊரு தண்ணிக்குள்ள இருக்குதுடா” என்பாள், ஏதோ பக்கத்துத் தெருவில் இருக்கிறது என்பது போல. நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய கோவில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். ஒரு தடவை அவளைக் கூட்டிப்போய்க் காட்டினோம். கரையில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள், “வாங்க போலாம்” என்று திரும்பிவிட்டாள்.

அவள் கதை சொல்கிற விதம் ஞாபகம் வந்தது. நாங்கள் வரிசையாகப் படுத்திருப்போம். ஒவ்வொரு வரிக்கும் ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் சொல்ல மாட்டாள். அவசரப்பட்டு ‘ம், ம், ம்’ என்று அடுக்கினாலும் நிறுத்திவிடுவாள்: “காதுல வாங்குனியா, சும்மா கொட்டறியா?”

இந்தத் தட்டு அந்த ‘ம்’தான். நான் ஒரு மாதமாகச் சும்மா கொட்டியிருக்கிறேன்.

அதே ராத்திரி, பின்னேரம்

விதி ஒன்று வைத்துக்கொண்டேன். வரியை வாய்க்குள் படித்து முடிக்காமல் தட்டுவதில்லை. இசை மாறினால் ரெண்டு வரி தட்டாமல் காதை மட்டும் கொடுப்பது. விட்டுப்போனதாகத் தோன்றினால், தாண்டி வந்த வரிகளைக் காட்டும் பேக்லாக்கைத் திறந்து பின்னால் போவது. மௌஸ் சக்கரத்தை மேலே உருட்டினாலே அது வரும், இவ்வளவு நாள் தெரியவில்லை. தானாக ஓடும் ஆட்டோ முறையையும் போட்டுப் பார்த்தேன். நமக்கு ஒத்துவரவில்லை. ‘ம்’ கேட்காமல் கதை சொல்கிற ஆளிடம் மாட்டிய மாதிரி இருந்தது.

இன்னொன்று கவனித்தேன். ஜப்பானில் கூப்பிடும்போது பேருக்குப் பின்னால் ஒட்டுகிற ‘குன்’, ‘சான்’ எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பில் அப்படியே விட்டிருக்கிறார்கள். ரேனா என்பவள் கதாநாயகனைக் ‘கேயிச்சி-குன்’ என்கிறாள், மியோன் ‘கேய்-சான்’ என்கிறாள். இது இங்கிலீஷ்காரனுக்கு விளக்கம் தேவைப்படும் சமாச்சாரம். நமக்கு எதற்கு? பட்டறையில் என்னை ‘கணக்குப்பிள்ளை’ என்பவர், ‘அண்ணா’ என்பவர், ‘ஏனுங்க’ என்று பேரே சொல்லாதவர் — மூவரும் எனக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரியுமே.

ராத்திரி ஒரு மணிக்கு முதல் பாகம் முடிந்தது. மொத்தம் பதினாறு மணி நேரம். அந்தச் சீட்டாட்டம் எதற்கு என்று இப்போது தெரிகிறது. ஐந்து மணி நேரம் கூடச் சிரித்தவர்களை நம்பலாமா வேண்டாமா என்று கதாநாயகன் தவிக்கும்போது நமக்கும் தவிப்பாக இருக்கிறது. இருந்தாலும் அதை மூணு மணி நேரத்தில் முடித்திருக்கலாம், அதில் நான் மாறுவதாக இல்லை. கொல்லைப்பக்கம் போக அக்காவைத் துணைக்கு எழுப்பினேன். இதை எழுதக் கூடாதுதான்.

செப்டம்பர்

இந்த மாதம் பிரிகிற கதை: ‘ஸ்டைன்ஸ் கேட்’. 2009இல் வந்தது. 2010 ஜூலைக் கடைசியில் தோக்கியோவின் அகிஹபாரா பகுதியில் தொடங்குகிறது. தன்னைப் பெரிய விஞ்ஞானியாக நினைத்துக்கொள்ளும் ஒகாபே என்ற மாணவன், மைக்ரோவேவ் அடுப்பையும் கைபேசியையும் இணைத்துக் குறுஞ்செய்தியைப் பழைய நாளுக்கு அனுப்புகிற வழியைத் தற்செயலாகக் கண்டுபிடிக்கிறான். ஆரம்பத்தில் அவன் பேசுகிற பேச்சைக் கேட்டால் ஓங்கி ஒன்று விடலாம் போலிருக்கும்.

இதிலும் நான் எதிர்பார்த்த மாதிரி ‘அ, ஆ’ என்று தேர்வு வரவில்லை. கதாநாயகனின் கைபேசியை எடுப்பதும் எடுக்காததும், வந்த செய்தியில் எந்தச் சொல்லைப் பிடித்துப் பதில் போடுகிறோம் என்பதும்தான் தேர்வு. எனக்கு நிஜத்திலேயே வாட்ஸப்பில் பதில் போடும் பழக்கம் கிடையாது. அதே புத்தியோடு படித்ததில், பாதி வழியில் ஒரு சோகமான முடிவு வந்து பேர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

“அதுக்குள்ள முடிஞ்சுருச்சா? பெரிய கதைன்னு சொன்னியே.”

அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். “நீங்க போனையே எடுக்கலைங்க மாமா. எடுக்காததும் ஒரு முடிவுதான்.”

ஒரு செய்தியை அனுப்பியிருக்க வேண்டிய இடத்தில், அனுப்பினால் கதையில் வரும் ஒரு பெண்ணுக்கு என்ன ஆகும் என்று யோசித்துச் சும்மா இருந்துவிட்டேன். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இப்போதும் படுகிறது. ஆனால் கதைக்கு அது வேறு பாதை. நல்லவேளை, இடையிடையே சேவ் பண்ணி வைத்திருந்தான் பையன். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பேரேட்டில் எழுதியதை அழித்து எழுதக் கூடாது என்று பழகின கை. திரும்பப் போய்ப் போனை எடுக்க ரெண்டு நாள் மனசே வரவில்லை. எடுத்தபிறகு, படித்த வரிகளை மட்டும் தாவிப்போகும் ஸ்கிப் பொத்தான் உதவியது. புது வரி வந்ததும் அது தானாக நின்றுவிடுகிறது.

உண்மையான முடிவுக்கு ஒரு பெண்ணின் செய்திகளுக்குச் சரியான சரியான பதில் போட்டிருக்க வேண்டுமாம். போடவில்லை. மூன்று முடிவு பார்த்திருக்கிறேன், அது மட்டும் பாக்கி.

அக்டோபர்

மழை. பையனுக்குப் பரீட்சை முடிந்தது. ரென்பை என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, டாம் ராதமல் என்பவர் 2004இல் தொடங்கியது. அதை வைத்து நாமே செய்யலாம் என்றான். எழுதுகிற விதம் நாடகப் பிரதி மாதிரிதான்: ஆள் பேர், மேற்கோள் குறிக்குள் வசனம்.

கதை நான் சொன்னேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கடைசி பஸ், மூடுபனி, இருபது கொண்டை ஊசி வளைவு. நடுவில் ஒரு கிழவி கைகாட்டி ஏறுகிறாள், மடியில் ஈரத் துணி மூட்டை. எங்கே இறங்கணும் என்று கண்டக்டர் கேட்டால், தண்ணீருக்குள் போன ஒரு ஊர்ப் பேரைச் சொல்கிறாள். டிக்கெட் கொடுப்பதா, வேண்டாமா? இதுதான் தேர்வு.

முதலில் ஓட்டியபோது எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. தமிழ் எழுத்துரு கொடுக்க மறந்திருந்தோம். நோட்டோ தமிழ் எழுத்துருவைப் போட்டதும் எழுத்து வந்தது, ஆனால் கொம்பு போட்ட எழுத்தெல்லாம் குழம்பியது. ‘கெ’யில் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நின்றது. நாங்கள் வைத்திருந்தது ரொம்பப் பழைய பதிப்பு. புதியதை இறக்கினோம், கொம்பு தன் இடத்துக்கு வந்தது. பின்னணிக்கு நான் பஸ் ஜன்னலிலிருந்து எடுத்த போட்டோக்களையே மங்கலாக்கிப் போட்டோம், ஹிகுராஷி பார்த்த தைரியம். கிழவிக்குப் படம் வரையத் தெரியவில்லை. நார்சிசு மாதிரி முகத்தைக் காட்டாமலே விட்டுவிட்டோம்.

போன ஞாயிறு அக்கா வந்திருந்தாள், தட்டுவடை செட் பொட்டலத்தோடு. உட்கார வைத்து மௌஸைக் கையில் கொடுத்தோம். அவளும் அம்மாயியிடம் கதை கேட்டவள்தான். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் அவள் வாய் தானாக ‘ம்’ என்றது. கிழவி ஊர்ப் பேரைச் சொன்ன இடத்தில் ‘ம்’ நின்றது, கையும் நின்றது.

“அவங்களுக்கு டிக்கெட் குடுக்காம என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டுக்கொண்டே டிக்கெட்டைக் கொடுத்தாள்.

திரை கறுப்பானது. அதற்குமேல் நாங்கள் எழுதியிருக்கவில்லை.

“அப்புறம்?”

“அவ்வளவுதான்க்கா. இன்னும் எழுதணும்.”

“பஸ் எங்கடா நிக்குது?”

“பதினோராவது வளைவுல.”

“மழைல, ராத்திரில, அந்தக் கெழவிய அங்கயே நிறுத்தி வெச்சுட்டு ரெண்டு பேரும் தட்டுவடை தின்னுட்டு இருக்கீங்க” என்று பொட்டலத்தை இழுத்து மூடி வைத்துவிட்டாள்.