கையெழுத்துப் போடுவதற்கு முன் நோட்டைப் புரட்டிப் பாருங்கள்

நேற்று, நவம்பர் 1 கிராம சபையில், தீர்மான நகல் கைக்கு வந்தது. ஒரே ஒரு தாள். 'ஊருணி வரத்துக்காலை நில அளவையர் கொண்டு அளந்து எல்லைக் கல் நடுவது' என்று ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரிக்காக இந்த 2023-ல் மே தினத்திலிருந்து அலைந்திருக்கிறேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊருணிக்குத் தண்ணீர் கொண்டு வரும் கால் தூர்ந்துபோய், ஓரிடத்தில் ஒரு தென்னந்தோப்பு வேலிக்குள்ளேயே போய்விட்டது. அடைமழை பெய்தாலும் ஊருணி பாதிக்கு மேல் ஏறுவதில்லை. 2021 அக்டோபர் 2 அன்று மதுரைப் பக்கம் பாப்பாபட்டியில் முதல்வரே கிராம சபையில் வந்து உட்கார்ந்ததை டிவியில் பார்த்ததிலிருந்து, நாமும் போய்ப் பேசினால் என்ன என்று மனதில் கிடந்தது.

மே 1 அன்று போனேன். வாய் திறந்ததுமே முன்வரிசையிலிருந்து ஒருவர், "உங்க ஓட்டு எங்கக்கா இருக்கு?" என்றார். திருப்பூரில் இருந்தது. ஊரோடு வந்து இரண்டு வருஷம் ஆகியும் மாற்றவில்லை. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். பிறந்த ஊர் என்பதெல்லாம் செல்லாது. வாயை மூடிக்கொண்டு சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வந்தேன். ஓட்டை ஊர் மாற்றுவதற்கான படிவம் 8-ஐ ஆன்லைனில் போட்டு, ஆகஸ்டுக்குள் பெயர் மாறிவிட்டது.

ஆகஸ்ட் 15-ல்தான் பெரிய கோட்டை விட்டேன். எங்கள் ஊர் ஜனத்தொகைக்கு 100 பேர் வந்தால்தான் சபை செல்லும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை மொத்தமாக வரவழைத்து உட்கார வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு நீள நோட்டு. வருகைப் பதிவு என்று நினைத்து எல்லாரும் கையெழுத்துப் போட்டோம், நானும் போட்டேன். எதிர்ப்பக்கம் வெறும் தாளாக இருந்தது கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை.

அப்புறம் பேச்சு. தோப்புக்காரரைப் பார்த்துக்கொண்டே, "தண்ணியைத் திருடித் தின்னுட்டாங்க" என்றேன். கைதட்டல் கிடைத்தது. கூடவே அவருடைய பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர் எழுந்து நின்றார்கள். கூச்சல். சபையைக் கவனிக்க அரசு அனுப்பும் பற்றாளராக வந்திருந்த அலுவலர், "எல்லாம் எழுதிக்கிட்டோம்மா, உட்காருங்க" என்றார். நம்பி உட்கார்ந்தேன்.

எழுதினார்களா என்று பார்க்க ஊராட்சி அலுவலகம் போனால் செயலர் இல்லை. ஒன்றிய அலுவலகம் போனால் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) கலெக்டர் ஆபீஸ் மீட்டிங். மறுநாள் திரும்பப் போனால் அங்கிருந்த ஒருவர், "கால்வாயா? அது நீர்வளத்துறை, அங்க போங்க" என்று தள்ளிவிட்டார். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய்தான் அவர்கள் பொறுப்பு, ஊருணி ஊராட்சியுடையது. இது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

சரி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். அதிலும் ஒரு கூத்து. பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்பு) ஒட்ட வேண்டும். நான் தபால் ஆபீசில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு பத்து வாங்கி, வரிசையாக ஒட்டி அனுப்பினேன். அப்படியே திரும்பி வந்தது. இரண்டும் வேறு வேறு. கோர்ட் பக்கம் முத்திரைத்தாள் விற்பவரிடம்தான் வில்லை கிடைக்கும். இன்னொன்று, 'ஏன் எழுதவில்லை' என்று கேட்டால் பதில் வராது. 'இன்ன தேதி கிராம சபைத் தீர்மானங்களின் நகல் தருக' என்று மட்டும் கேளுங்கள். அவர்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் கெடு 30 நாள். எனக்கு 29-வது நாள் வந்தது.

உள்ளே பதினோரு தீர்மானங்கள். டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு எல்லாம் இருந்தன. ஊருணியைக் காணோம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துகள், நடுவில் என்னுடையதும். நான் கண்ணால் பார்க்காத பதினோரு தீர்மானங்களுக்கு நானே சாட்சி! அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

தபால் வந்தபோது காந்தி ஜெயந்திக்கு மூன்று நாள்தான் இருந்தது. நல்லவேளை, பதிலுக்குக் காத்திராமல் வேறு வேலைகளை முடித்து வைத்திருந்தேன். வரத்துக்காலின் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, இணையத்தில் 'அ' பதிவேடு, அதாவது எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு, பார்த்தேன். அரசு புறம்போக்கு, வாய்க்கால் என்று தெளிவாக இருந்தது. அதை வைத்து மனு எழுதி, தெருவில் நாற்பது கையெழுத்து வாங்கினோம். பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லி செயலரிடம் கொடுத்தால், "மேல இருந்து வர்றதைத்தான் வைக்கணும்" என்றார். வாங்கியதற்கு ரசீதும் தரவில்லை. அதையே ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அட்டை திரும்பி வந்தது, அதில் அவர் கையெழுத்து.

மனுவில் ஒரு மாற்றம் செய்திருந்தேன், சொந்த யோசனை இல்லை. எங்கள் தெரு அப்பத்தா ஒருவர், "திருடன்னு சொன்னா எவன் ஒத்துக்குவான்? அளக்கச் சொல்லுடி. அளக்க வேணாம்னு எவன் வாய் சொல்லும்?" என்றார். 'ஆக்கிரமிப்பை அகற்றுக' என்றிருந்ததை அடித்துவிட்டு 'அளந்து கல் நடுக' என்று எழுதினோம். சபைக்கு முந்தின நாள் சாயங்காலம் நானே தோப்புக்காரர் வீட்டுக்குப் போய், ஆகஸ்டில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். சுலபமாக இல்லை. மாமா முறைதான் வேண்டும். ஆனாலும் திண்ணையில் உட்காரச் சொல்லவே கால் மணி நேரம் ஆனது.

சபையில் அவரே எழுந்து, "அளக்கட்டும், என் இடம் எதுன்னு எனக்கும் தெரியணும்" என்றார். பங்காளிகள் ஒருவரும் எழவில்லை. தலைவருக்கும் வேறு வழியில்லை.

அதற்கு மேல்தான் முக்கியமான வேலை. செயலர் நோட்டை மூடப் போனார். நானும் மகளிர் குழுப் பெண்கள் ஆறு பேரும் மேசையைச் சுற்றி நின்றுகொண்டோம். "எழுதுங்க, படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுறோம்." எழுதினார். எண் 9. சத்தமாக வாசிக்கச் சொன்னோம். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே அரைப் பக்கம் காலியாக இருந்தது. குறுக்கே கோடு போடச் சொன்னோம். முறைத்தார், போட்டார். போட்டோ எடுக்க விடமாட்டேன் என்றபோது, இந்த முறை வந்திருந்த பற்றாளர் அம்மா, "எடுக்கட்டும் சார், பொது ஆவணம்தானே" என்றார். அவருக்குக் கோடிப் புண்ணியம்.

நகல் தர மட்டும் இன்னொரு மாதம் இழுத்தார்கள். அதைத்தான் நேற்று வாங்கினேன்.

சர்வேயர் 20-ஆம் தேதி வருகிறாராம். மாமா அவருக்கு இளநீர் வெட்டி வைக்கிறேன் என்றிருக்கிறார். நாங்கள் கல்லுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.